கேட்கத் தெரிந்தவர்கள்

1899ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் ஒரு வீட்டின் கூடம். மருத்துவப் பட்டம் வாங்கிச் சில மாதங்களே ஆன ஓர் இளம்பெண், மிஷன் சங்கத் தலைவியாக இருந்த ஓர் அம்மையாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் ஐடா ஸ்கடர். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டி வரும் பொறுப்பு அவளிடம் இருந்தது. கப்பலேறும் நாள் நெருங்கிவிட்டது. கையில் சேர்ந்திருந்ததோ சொற்பம். ஆனால் அவள் பேச்சுக்குப் பின்னால் ஓர் இரவு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தில், பிரசவ வேதனையில் துடித்த மனைவிக்கு உதவி கேட்டு ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அப்போது அவள் மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான அவள் தந்தை வருகிறேன் என்றார். ஓர் ஆண் வந்து பார்ப்பதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த நியூயார்க் வீட்டில், பக்கத்து அறையில் ஷெல் என்ற முதியவர் உட்கார்ந்திருந்தார். வங்கியாளர். கூடத்தில் நடந்த பேச்சு அவர் காதில் விழுந்தது. மறுநாள் ஐடாவை வரவழைத்து விவரமாக விசாரித்துவிட்டு, காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் ஐடா தொடங்கிய வைத்தியம், 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனையாக எழுந்தது. இன்று நாம் சிஎம்சி என்று சொல்லும் பெரிய ஆலமரத்தின் ஆணிவேர் அதுதான்.

இந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்தவரிடம் ஐடா கேட்கவே இல்லை. வேறொருவரிடம் அவள் பேசியதை அவர் கேட்டார். மனப்பாடம் செய்த விற்பனைப் பேச்சாக அது இருந்திருந்தால் பக்கத்து அறைக்காரர் எழுந்து கதவைச் சாத்தியிருப்பார்.

நான் குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு இருபத்தேழு ஆண்டுகள் நன்கொடை திரட்டியவள். அதில் பாதிக்கு மேல், நன்கொடை திரட்டும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் என்னுடையது. நாங்கள் கொடுத்த ஆள்தேவை விளம்பரங்களை நான்தான் எழுதினேன். மார்க்கெட்டிங்கில் இரண்டு ஆண்டு அனுபவம், சொந்த டூவீலர், ஆங்கிலத்தில் சரளம், டார்கெட்டை எட்டும் வேகம். அறக்கட்டளைகளிலிருந்தும் தொண்டு நிறுவனங்களிலிருந்தும் வந்திருக்கும் உங்களில் பலரும் இதையேதான் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த விளம்பரம் என்னிடம் கொண்டுவந்து சேர்த்த மூன்று பேரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

ஒருவர், காப்பீட்டு முகவராக மாவட்டத்தில் முதலிடம் வாங்கியவர். வந்த மூன்று மாதத்தில் வசூல் ஏறியது, எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. நான்காவது மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பல ஆண்டுகளாக எங்களுக்குக் கொடுத்து வந்தவர். "அம்மா, உங்க பையன் வந்துட்டுப் போனதுல இருந்து மனசு சரியில்ல. கொடுத்ததுக்கு வருத்தமில்ல. ஆனா நானா கொடுத்த மாதிரி இல்ல" என்றார். ரசீது சரியாக இருந்தது. சொன்ன தகவல்களில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அவசரப்படுத்தி, யோசிக்க விடாமல், கையெழுத்து வாங்கியிருக்கிறார். அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் கொடுக்கவில்லை. அந்த இளைஞரும் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் அல்ல. கையெழுத்தோடு வேலை முடிகிறது என்று அவருக்குப் பழக்கியிருந்தார்கள். இங்கே கையெழுத்தில்தான் வேலை தொடங்குகிறது என்று நாங்கள் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, ஓர் இளம்பெண். அவள் தம்பி எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவன். ஆர்வம் என்றால் அப்படியோர் ஆர்வம். இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார் என்று நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தம்பியின் கதையைச் சொன்னாள், சொல்லும்போதெல்லாம் அழுதாள். ஆறு மாதம் கழித்து என் மேசைக்கு வந்து நின்றாள். "மேடம், இல்லன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் என் தம்பியையே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கு எனக்கு உறைத்தது. அவளுடைய துயரத்தை முதலாகப் போட்டு நாங்கள் வியாபாரம் செய்திருக்கிறோம். அவளை நோயாளிகளின் வீட்டாருக்கு உதவும் பிரிவுக்கு மாற்றினேன். அங்கே இன்றும் இருக்கிறாள், எல்லாருக்கும் அக்காவாக. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு.

மூன்றாவதாக வந்த அம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அஞ்சலக மகளிர் முகவராகப் பதினெட்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் ஆர்.டி. பணம் வாங்கிக் கட்டியவர். விளம்பரத்தில் கேட்ட எதுவும் அவரிடம் இல்லை, டூவீலர்கூட இல்லை. வந்துவிட்டாரே என்றுதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டோம். "ஒரு வீட்டுல இல்லன்னு சொல்லிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வருவேன் மேடம். அடுத்த தடவ போறப்ப வாசல் திறந்திருக்கணும்ல?" என்றார்.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். முகவரிக்குப் பக்கத்தில் தொகை இருக்காது. "தை மாசம் மக பிரசவம்." "முழங்கால் வலி, மாடியில இருந்து இறங்கச் சொல்லக் கூடாது." "பென்ஷன் வர்றது தேதி 5, அதுக்கு முன்ன போகக் கூடாது." "பேரனைப் பத்திக் கேட்கணும்." இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, "அந்த அம்மா இந்த மாசம் வரலையே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று நன்கொடையாளர்களே விசாரிக்கத் தொடங்கினார்கள்.

நம் மொழியில் ஒரு நல்ல வசதி உண்டு. யாசிப்பதும் கேட்பதுதான், செவிமடுப்பதும் கேட்பதுதான். திருக்குறளில் 106, 107ஆம் அதிகாரங்கள் இரவு, இரவச்சம். ஒருவரிடம் போய்க் கேட்பதன் கூச்சத்தையும் வலியையும் வள்ளுவர் அங்கே பேசுகிறார். 42ஆம் அதிகாரத்தின் பெயர் கேள்வி. அது முழுக்கச் செவியைப் பற்றியது. நம் தொழிலுக்கு இந்த மூன்று அதிகாரங்களும் ஒருசேர வேண்டும். முதல் வகைக் கேட்டலில் கெட்டிக்காரர்களைத்தான் நாம் தேடித் தேடி எடுக்கிறோம். இரண்டாம் வகை தெரிந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். நான் அந்த அம்மாவை அனுப்பாமல் விட்டது என் திறமையால் அல்ல. அன்றைக்கு விண்ணப்பித்தவர்கள் குறைவு.

வாய்ச்சாலகம் இல்லாதவர் நன்கொடை திரட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க உளவியல் அறிஞர் ஆடம் கிராண்ட் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, விற்பனைத் துறையில் இருந்த 340 பேரைப் பற்றியது. அதிகம் விற்றவர்கள் ஓயாமல் பேசும் கலகலப்பானவர்கள் அல்லர், கூச்சம் மிகுந்தவர்களும் அல்லர். இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். பேச வேண்டிய இடத்தில் பேசி, மற்ற நேரம் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்கள். சோப்பு விற்கவே வாய்ச்சாலகம் போதாது என்றால், ஒருவரின் மனத்தைத் தொட வேண்டிய வேலைக்கு?

மறுப்பைத் தாங்குவது பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். புக்கர் டி. வாஷிங்டனைப் பலர் அறிந்திருப்பீர்கள். அடிமையாகப் பிறந்து, 1881இல் அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தைக் கட்டத் தொடங்கியவர். வாழ்நாளில் பெரும்பகுதி வட மாநிலங்களில் பணம் கேட்டு அலைந்தார். தம் தன்வரலாற்றில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். நன்கொடை திரட்டுகிறவர்கள் எல்லாரும் அதைப் படிக்க வேண்டும். கனெக்டிகட்டில் ஸ்டாம்ஃபோர்டு நகருக்கு அருகே ஒருவரைப் பார்க்க, குளிர்காலத்தில், இரண்டு மைல் நடந்து போனார். அந்த மனிதர் இவர் சொன்னதைக் கேட்டார், ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு பொழுது வீணாகிவிட்டதோ என்று இவருக்கும் தோன்றியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லும் கடமையைச் செய்தோம் என்று திரும்பிவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மனிதரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே 10,000 டாலருக்கான வரைவோலை.

இதை அதிர்ஷ்டக் கதையாக நான் சொல்லவில்லை. திரும்பி வராத எத்தனையோ இரண்டு மைல்களை அவர் நடந்திருப்பார். கசப்பைக் காட்டாமல் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாரே, அந்தக் குணத்தைச் சொல்கிறேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வரும் குணம் அது.

அந்த மூவருக்குப் பிறகு என் நேர்காணல் முறையை மாற்றிக்கொண்டேன். சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன், வருகிறவரைக் குழந்தைகள் வார்டில் அரை நாள் உட்காரவைப்பேன். வேலை எதுவும் சொல்லமாட்டேன். யாரிடம் பேசுகிறார், தாயிடமா, டாக்டரிடமா. கைப்பேசியை எத்தனை முறை எடுக்கிறார். துப்புரவுத் தொழிலாளி வழி கேட்டால் காலை மடக்குகிறாரா. மதியம் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "கடைசியா நீங்க யாருக்குக் கொடுத்தீங்க?" தொகை முக்கியமில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரீட்சைக் கட்டணம், கோவில் அன்னதானத்துக்கு அரிசி, எதுவானாலும் சரி. கொடுத்துப் பார்க்காதவருக்குக் கொடுக்கிறவர் மனசு தெரியாது. கொடுக்கும்போது வரும் தயக்கமும், கொடுத்த பிறகு வரும் நிறைவும், "சரியான இடத்துக்குத்தான் போச்சா?" என்கிற சந்தேகமும் தனக்கு வந்திருந்தால்தான் எதிரில் இருப்பவர் முகத்தில் அதைப் படிக்க முடியும். ரிப்பன் கபூர் என்ற விமானப் பணியாளர் 1979இல் நண்பர்களோடு சேர்ந்து 50 ரூபாயில் தொடங்கியதுதான் குழந்தைகளுக்கான கிரை அமைப்பு. பிறரிடம் கேட்பதற்கு முன் தங்கள் பையிலிருந்து எடுத்து வைத்த 50 ரூபாய்.

ஆர்வம் என்ற சொல்லையும் கொஞ்சம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேடையில் குரல் உயர்வது ஆர்வம் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தது 1923இல். அதனால் அவர் கட்ட நினைத்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது 1954இல், 12 படுக்கைகளோடு. நடுவே முப்பத்தொரு ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர் சட்டமன்றத்தில் போராடினார், ஔவை இல்லம் கண்டார், அத்தனைக்கும் நடுவே இந்த ஒன்றை விடவில்லை. 1955இல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த மருத்துவமனைப் பணியைவிட்டுப் போகவில்லை. சருகில் பற்றும் தீ வேறு, உமியில் பற்றும் தீ வேறு. நேர்காணலில் சருகுத் தீதான் பளிச்சென்று தெரியும். நமக்கு வேண்டியது மற்றது.

ஆனால் உமித்தீயையும் கிளறிவிட வேண்டும். அது நம் பொறுப்பு. இந்த இடத்தில்தான் நிர்வாகிகளாகிய நாம் அதிகம் தவறுகிறோம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு தொலைபேசி மையம். பழைய மாணவர்களை அழைத்து உதவித்தொகைக்கு நன்கொடை கேட்பது அங்கே உள்ளவர்களின் வேலை. கிராண்டும் அவர் சகாக்களும் அங்கே செய்த சோதனை 2007இல் வெளிவந்தது. ஒரு குழுவினரை, அந்த உதவித்தொகையால் படித்த ஒரு மாணவரோடு ஐந்தே நிமிடம் பேசவைத்தார்கள். இன்னொரு குழு, அதுபோன்ற மாணவர் எழுதிய கடிதத்தைப் படித்தது. மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நேரில் பேசியவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 விழுக்காடு கூடியிருந்தது; திரட்டிய பணம் 171 விழுக்காடு கூடியிருந்தது. மற்ற இரு குழுக்களிடமும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. 2010இல் வந்த இன்னோர் ஆய்வில், மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து தன் வாயால் நன்றி சொன்னதற்கே அடுத்த வார அழைப்புகள் பாதிக்கு மேல் கூடின.

ஐந்து நிமிடம். அதற்குச் செலவு என்ன? நம் அலுவலகங்களில் நன்கொடை திரட்டுகிறவர்கள் மூன்றாவது மாடியில் ஏசி அறையில் இருக்கிறார்கள், குழந்தைகள் தரைத்தளத்தில். நடுவில் மின்தூக்கி இருக்கிறது, போக்குவரத்து இல்லை. மாதம் ஒரு நாளாவது வார்டில் இருக்க வேண்டும் என்று நான் விதி வைத்தபோது, அன்றைய வசூல் போய்விடும் என்று கணக்குப் பிரிவு எதிர்த்தது. ஆண்டுக் கடைசியில் அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்து, கமிஷன். வசூலில் இத்தனை விழுக்காடு உனக்கு என்று சொன்னால் சுறுசுறுப்பு வரும் என்று நினைக்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். இஸ்ரேலில் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் போய் அறப்பணிகளுக்குப் பணம் திரட்டும் நாள். ஒரு பகுதியினரிடம் இதன் பெருமையை மட்டும் சொன்னார்கள். ஒரு பகுதிக்குத் திரட்டுவதில் 1 விழுக்காடு, இன்னொரு பகுதிக்கு 10 விழுக்காடு தருவதாகச் சொன்னார்கள். நன்கொடையிலிருந்து எடுக்காமல், தனியாக. காசு எதுவும் தருவதாகச் சொல்லப்படாதவர்கள் சராசரியாக 239 ஷெக்கல் திரட்டினார்கள். 10 விழுக்காட்டுக்காரர்கள் 219. 1 விழுக்காட்டுக்காரர்கள் 154. அறம் என்று நினைத்துப் போனவனுக்கு நடுவில் ஒரு சில்லறையை நீட்டினால், அவன் மனத்தில் அது கூலியாகிவிடுகிறது. கூலி என்று பார்த்தால் அது போதாத கூலி. அமெரிக்காவில் நன்கொடை திரட்டுவோருக்கான தொழில்முறைச் சங்கம் தன் நெறிமுறையிலேயே விழுக்காட்டு ஊதியத்தை விலக்கி வைத்திருக்கிறது. கொடுப்பவர் பக்கமிருந்து பார்த்தாலும் அதுதான் சரி. தலைமையாசிரியர் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் பைக்குப் போகிறது என்று தெரிந்தால், அவர் அடுத்த முறை கதவைத் திறப்பாரா?

இதைக் கேட்டுவிட்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய், "அதான் சொன்னாங்களே, ஆர்வம் இருந்தா காசு வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடாது. அந்த மாணவர்கள் ஒரு நாள் போனார்கள். நம் ஆட்கள் ஆண்டு முழுவதும் போகிறார்கள். அவர்களுக்கு வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. சேவை என்ற சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதை நான் இந்தத் துறையில் நெடுகப் பார்த்திருக்கிறேன். அதைப் போல எனக்குக் கோபம் வருகிற காரியம் வேறில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது உண்மைதான். நெருக்கடி இருக்கிறது. ஆனால் அந்த நெருக்கடியைக் கடைசிப் படியில் நிற்கிற ஆள்தான் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் தன் வீட்டு அரிசியைப் பற்றிக் கவலைப்படுகிறவர், இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அமைதியாகக் காது கொடுக்க முடியாது. கௌரவமான மாதச் சம்பளம் கொடுங்கள்; பிறகு பணத்தைப் பற்றி அவரிடம் பேசாதீர்கள், வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

அமெரிக்காவில் 2013இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அறநிறுவனங்களில் நிதி திரட்டும் பிரிவின் தலைவர்களில் பாதிப்பேர் இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டுவிட எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். நம் ஊரில் நிலைமை என்ன என்பதை உங்கள் அலுவலக வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஓர் ஆள் போகும்போது தொகை மட்டும் போவதில்லை. அந்த நோட்டு போகிறது. முழங்கால் வலிக்காரர் வீட்டில் புது ஆள் போய், "சார், கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்று கூப்பிடுவார்.

டார்கெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அது எண்தான். ஆனால் எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதை 2015இல் பிரிட்டன் பார்த்தது. பிரிஸ்டல் நகரில், போர் வீரர்களுக்காகப் பல்லாண்டு பாப்பி மலர் விற்ற 92 வயது மூதாட்டி இறந்துபோனார். அவருக்கு அறநிறுவனங்களிடமிருந்து கடிதங்கள் மலைபோல் வந்து குவிந்த செய்தி வெளிவந்தது. அவர் சாவுக்கு அதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொல்லவில்லை. ஆனாலும் நாடே தலைகுனிந்தது. நன்கொடை திரட்டுவதை ஒழுங்குபடுத்த 2016இல் ஒரு புது அமைப்பு உருவானது. எனக்கு இனி எழுதாதீர்கள் என்று மக்கள் தடுத்துக்கொள்ள மறு ஆண்டு வழி செய்தார்கள். கொடுக்கிற மனசுள்ளவரையே மறுபடி மறுபடி இறைத்தால் கிணறு வற்றிவிடும். எங்கள் மாதக் கூட்டத்தில் வசூல் கணக்கோடு இன்னொரு கணக்கும் வாசிப்போம்: இந்த மாதம் பணம் கேட்காமல் எத்தனை பேரைப் போய்ப் பார்த்தோம்.

நிர்வாகிகளும் கேட்கப் போக வேண்டும். காந்தியடிகள் 1933–34இல் ஹரிஜன நிதிக்காக நாடு சுற்றியபோது கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார். வந்த பரிசுப் பொருட்களை மேடையிலேயே தாமே ஏலம் விட்டார். அவர் பின்னால் போன தொண்டர்களுக்கு வேறு பயிற்சி வகுப்பு தேவைப்பட்டிருக்காது. அறங்காவலர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு வீட்டுப் படியாவது ஏறி, ஒரு மறுப்பையாவது வாங்கிக்கொண்டு வரட்டும். மறுநாள் அலுவலகத்தில் ஊழியர்களிடம் அவர் பேசும் தொனி மாறியிருக்கும்.

வாஷிங்டனின் அதே தன்வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. டஸ்கீகி கட்டத் தொடங்கிய காலத்தில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பாட்டி, வாழ்நாளின் பெரும்பகுதி அடிமையாக இருந்தவர், கிழிந்த ஆனால் துவைத்துச் சுத்தமான உடையில், தடி ஊன்றி வந்தார். பிள்ளைகளின் படிப்புக்கு என்று தம்மிடம் சேர்த்துவைத்த ஆறு முட்டைகளைக் கொடுத்தார். எத்தனையோ பெரிய நன்கொடைகள் பிறகு வந்தன. தம்மை இவ்வளவு ஆழமாகத் தொட்டது வேறெதுவும் இல்லை என்று வாஷிங்டன் எழுதுகிறார்.

எங்களிடம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் இந்தக் கதையைச் சொல்வேன். ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து, "இந்தப் பாட்டிக்கு ரசீது எழுதுங்க" என்பேன். தொகை என்ற கட்டத்துக்கு வந்ததும் பலரும் பேனாவை நிறுத்துவார்கள். சிலர் முட்டை விலையைக் கேட்பார்கள். சிலர் கோடு போட்டுவிடுவார்கள். ஆர்.டி. அம்மா, "முட்டை ஆறு. நடந்து வந்து கொடுத்தார்" என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "அவ்வளவு தூரம் தடி ஊணி வந்தாங்களே, திரும்பி எப்படிப் போனாங்க மேடம்? யாராவது கூடப் போனாங்களா?" என்று கேட்டார்.